கணக்கு ரயில் கேசட்

அண்ணன் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் அது அவர் கண்டுபிடித்ததாக ஆகிவிடும். மழை பெய்தால்கூட "நான் காலையிலயே சொன்னேனே" என்பார். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த அறுபத்தொரு வயது வரை நானும் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். எடுத்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கணினிப் பிரிவின் காப்பாளராம். அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளுக்கென்று தனிக்கூடம் ஒன்றைத் திறக்கிறார்கள். திறப்பு நாளில் ஒரு விவாதம். தலைப்பு: 'வீட்டுக் கணினி நமக்கு எதைக் கொடுத்தது?' எல்லாவற்றையும் கொடுத்தது என்று பேச அண்ணன். ஒன்றையும் கொடுக்கவில்லை என்று பேச ஒரு பழைய ரேடியோ ரிப்பேர்க்காரர். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் 'கணக்கு ரயில்' வைக்கப்படும்.

"சார் எழுதின புரோகிராம்தானேம்மா அது? அசல் கேசட் உங்ககிட்ட இருக்குன்னு சொன்னார். எங்களுக்குத் தர முடியுமா? பெட்டிக்கு வெளியே அட்டை வைப்போம். யார் எழுதினது, எப்ப எழுதினது, எல்லாம் அதுல வரும். ஒரு தடவை வெச்சா பிறகு மாத்த மாட்டோம்."

'சார் எழுதின.' போனைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைச் சுவரைப் பார்த்தேன்.

கணக்கு ரயிலை எழுதியது நான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நான். அண்ணன் செய்தது இரண்டு காரியம். அதற்குப் பெயர் வைத்தார். விற்பனைக்குப் போன கேசட்டின் அட்டைக்கு ஒரு ரயில் படம் வரைந்தார். அந்த ரயிலுக்கும் ஒரு பக்கத்தில் சக்கரம் குறைவு.

அந்தக் கணினி அண்ணன் படிப்பதற்காக அப்பா வாங்கியது. நாற்பத்தெட்டு கிலோபைட். இன்று ஒரு போட்டோவின் மூலைகூட அதற்குள் அடங்காது. ரப்பர் பட்டன்கள். அரை மணி ஓடினால் முதுகு கொதிக்கும், மேலே ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் வைப்பேன். மேசையை யாராவது இடித்தால் எழுதியது அத்தனையும் போய்விடும். அதற்குத் தனித் திரை கிடையாது, டிவியில்தான் மாட்ட வேண்டும். டிவி அப்பாவின் செய்திக்கு, பிறகு அண்ணனின் மேட்சுக்கு, பிறகு அம்மாவின் நாடகத்துக்கு. எனக்குக் கிடைத்தது மதியம் இரண்டிலிருந்து நான்கு. அண்ணனுக்கு அந்தக் கணினியில் முதல் பதினைந்து நாள் ஆசை. அதற்குப் பிறகு அதைத் தூசி தட்டியது யார் என்று கேட்டால், தூசி தட்டியவளே எழுதவும் செய்தாள் என்பதுதான் பதில்.

குழந்தைகளுக்கான கணக்குப் பயிற்சி அது. சரியான விடை போட்டால் ரயில் ஒரு பெட்டி நகரும். தப்பாகப் போட்டால் கூவிவிட்டு நிற்கும். மூன்று முறை தொடர்ந்து தப்பானால், எழுநூற்று நாற்பதாம் வரி வேலை செய்யும்: அடுத்த கணக்கை எளிதாகக் கொடுக்கும், ஆனால் எளிதாக்கிவிட்டேன் என்று சொல்லாது. குழந்தைக்குத் தானே முன்னேறிய மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் தப்பு விடை சொன்ன நாளெல்லாம் என்னை நிற்கவைத்து இன்னும் கடினமான கணக்கைத்தான் கேட்டார்கள். ஒரு தடவையாவது எளிதாக ஒன்றைக் கேட்டிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன். அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற எல்லா வரியையும் எழுதினேன்.

நாற்பது வருடமாக அந்த வரியைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். 'காலத்தை மீறிய கருணை' என்று ஒரு பத்திரிகையில் வந்தது. பக்கத்தில் அண்ணனின் படம், கன்னத்தில் கை வைத்தபடி.

"தர்றேன்" என்று காப்பாளரிடம் சொன்னேன். "நானே கொண்டுவந்து தர்றேன்."

நான் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் டேப் ரெக்கார்டரில் எண் காட்டும் சக்கரம் உடைந்துபோயிருந்தது. ஒரு கேசட்டில் ஐந்தாறு புரோகிராம் இருக்கும். எது எங்கே என்று கண்டுபிடிக்க வழியில்லை. கேட்டால் எல்லாம் ஒரே கீச்சல். மேலே காகிதம் ஒட்டினாலும் பயனில்லை, வாரத்துக்கு நான்கு தடவை அழித்து அழித்துப் பதிவோம். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பதியும் முன் ரெக்கார்டரின் மைக்கில் வாயால் சொல்வேன்: புரோகிராமின் பெயர், தேதி, எழுதியது யார். சொல்லி முடித்து, நிறுத்தி, கணினியின் ஒயரைச் செருகி, அதன் பிறகுதான் புரோகிராமைப் பதிவேன்.

இது அண்ணனுக்குத் தெரியாது. அவர் ஒரு நாளும் தன் கையால் கேசட் போட்டதில்லை. நண்பர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் "லோடு பண்ணி வை" என்பார். ஒயரைச் செருகிவிட்டால் ரெக்கார்டரின் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், என் குரல் வெளியே வராது. அந்தக் கேசட்டின் தொடக்கத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி, 'எழுதியது நான்' என்று பெயரோடு சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும். வேறு யாரும் அழித்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை நானே உடைத்தும் வைத்திருந்தேன். அந்தத் துண்டு இல்லாத கேசட்டில் பதியும் பட்டன் அமுங்காது.

பீரோவின் அடித்தட்டில், கல்யாணப் பத்திரிகைகளுக்குக் கீழே இருந்தது. எடுத்து முதுகைத் தடவிப் பார்த்தேன். துண்டு உடைந்த பள்ளம் விரலில் தட்டியது. போட்டுக் கேட்க வீட்டில் ரெக்கார்டர் இல்லை, அது போய் இருபது வருடமாகிறது. கேட்க வேண்டுமென்றும் தோன்றவில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

கொடுத்துவிட்டு வந்த நான்காம் நாள் காப்பாளர் மறுபடி போன் செய்தாள்.

"அம்மா, கேசட் அருமையா இருக்கு. முழுசும் காப்பி எடுத்துட்டோம். ஆரம்பத்துல ஒரு பொண்ணு பேசுது. உங்க குரலா?"

"ஆமா. என் குரல்தான்."

"புரோகிராம் மட்டும் போதும்னு மேலிடத்துல சொல்றாங்க. ஆனா எனக்கு அதை வெட்ட மனசே வரலை."

"வெட்டாதம்மா" என்றேன். "விவாதத்தன்னிக்கு மேடையில போடு. எல்லாரும் கேக்கட்டும்."

"கண்டிப்பா. எனக்கே கேக்கும்போது ஒரு மாதிரி ஆயிடுச்சு."

ஆகத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று நான் கேட்கவில்லை. நான் சொன்னதை நானே எதற்குக் கேட்க வேண்டும்?

விவாதத்தன்று நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். கூடம் நிறைந்திருந்தது. பாதிப்பேர் நரைத்த தலைகள், மீதிப்பேர் கல்லூரியிலிருந்து கூட்டிவந்தவர்கள். மேடைக்கு ஓரத்தில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே எங்கள் கணினி மாதிரியே ஒன்று, பக்கத்தில் என் கேசட். அட்டை வைக்கும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

அண்ணன் நன்றாகத்தான் பேசினார். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். "அந்த மெஷின் வாங்கின அன்னிக்கே ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பட்டறை தொறந்தாச்சு" என்றார். "இன்னிக்குப் பசங்க கையில வெச்சிருக்கிறது எல்லாம் அடுத்தவன் சமைச்சது. தட்டி எடுத்துக்கலாம். அன்னிக்கு நாங்க பட்டனைப் போட்டா ஒரு வெறும் திரை வரும். ஒண்ணுமே இருக்காது. நீ எழுதினாத்தான் உண்டு. அந்த வெறும் திரைதான் எங்களுக்கு வாத்தியார்." கைதட்டல். பிறகு எழுநூற்று நாற்பதாம் வரிக்கு வந்தார். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு குழந்தை கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு அழுததாம். அதைப் பார்த்து அன்றைக்கே வீட்டுக்கு வந்து எழுதினாராம். அண்ணன் அந்தக் காலத்தில் பஸ்ஸில் போனதே கிடையாது, அப்பாவின் ஸ்கூட்டரைத்தான் எடுத்துக்கொண்டு போவார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று நினைத்துக்கொண்டேன். பேசு அண்ணா, நல்லாப் பேசு. இன்னும் பத்து நிமிஷம்.

அடுத்து எழுந்த ரிப்பேர்க்காரரை எனக்குத் தெரியும். எங்கள் தெரு முனையில் கடை வைத்திருந்தவர். எதைக் கொண்டுபோனாலும் "கொஞ்சம் ஈயம் வெச்சாச் சரியாப்போகும்" என்பார், அதனால் அவர் பெயரே ஈயம். எழுபதைத் தாண்டிவிட்டார், சட்டைப் பையில் இப்போதும் டெஸ்டர்.

"பட்டறைன்னு சார் சொன்னார்" என்று ஆரம்பித்தார். "நான் அந்தப் பட்டறையை எல்லாம் தொறந்து பாத்தவன். நூறு வீட்டுல தொண்ணூறு வீட்டுல அது விளையாட்டுச் சாமான். ரெண்டு மாசம் சுட்டுத் தள்ளுவாங்க, மூணாம் மாசம் கட்டிலுக்கு அடியில போயிடும். அப்பன் படிப்புக்குன்னு வாங்குவான், புள்ளை பட்டனை ஒடைச்சு எங்கிட்ட வருவான். எதைக் கொடுத்துச்சுன்னு கேட்டா, எனக்கு வேலை கொடுத்துச்சு. வேற யாருக்கும் ஒண்ணும் கொடுக்கலை." கூடம் சிரித்தது.

இரண்டு பேரும் சொன்னது பாதி உண்மைதான். ஆனால் அந்தத் திரைக்கு முன்னால் யார் உட்கார்ந்தார்கள், யார் எழுந்து இடம் கொடுத்தார்கள் என்று இரண்டு பேருமே பேசவில்லை. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அந்தப் பட்டறையில் நான் இருந்தேன். நான்கு மணிக்கு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஈயம் உட்காரப் போனவர், திரும்பி மைக்கைப் பிடித்தார். "இன்னொண்ணு. எனக்கு நாப்பது வருஷமா ஒரு சந்தேகம். அந்த வீட்டு ரெக்கார்டரைத் தூக்கிட்டு வந்தது எப்பவும் சாரோட தங்கச்சிதான். நாடாவைப் படிக்கிற ஹெட் எந்தப் பக்கம் மயிரிழை சாஞ்சாலும் புரோகிராம் ஏறாதுன்னு எனக்கே அந்தப் பொண்ணுதான் சொல்லிக்கொடுத்துச்சு. சார் ஒருநாளும் வந்ததில்லை. கோவிச்சுக்காதீங்க சார், அதை எழுதினது நிஜமாவே நீங்கதானா?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருடத்தில் அப்படிக் கேட்ட ஒரே மனிதர்.

அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார், அதுதான் அவரோடு பெரிய தொல்லை. சிரித்தார். "என் தங்கச்சி இல்லன்னா கணக்கு ரயிலே இல்ல. அவ எனக்கு வலது கை. இந்தப் பெருமையில பாதி அவளுக்குத்தான்னு நான் எங்க வேணும்னாலும் சொல்வேன்." மறுபடி கைதட்டல். ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. என் பொருளிலிருந்து எனக்கே பாதி!

காப்பாளர் எழுந்தாள். "சந்தேகமே வேண்டாம். கேசட்டையே கேப்போம்" என்றாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதலில் நாடாவின் இரைச்சல். பிறகு நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமலை எனக்குத் தெரியும். அது அப்பா. இந்தக் கேசட்டில் அப்பா எப்படி வந்தார்?

"ம், சொல்லு" என்றார் அப்பா, நாடாவுக்குள்ளிருந்து.

கூடத்தில் சிலர் அன்போடு சிரித்தார்கள்.

பிறகு நான். மெல்லிய, வகுப்பில் பாடம் ஒப்பிக்கும் குரல். "கணக்கு ரயில். எழுதியவர்…" என்று சொல்லி ஒரு நொடி நின்று, அண்ணனின் பெயரை இனிஷியலோடு சொன்னேன். தேதி சொன்னேன். அதன் பிறகு கீச்சல்.

அப்போது எல்லாம் திரும்பி வந்தது. கணக்கு ரயிலை விற்க எடுத்துக்கொண்ட கேசட் கடைக்காரர் அப்பாவிடம் சொன்னது: "பொம்பளைப் பேரைப் போட்டா, வீட்டுப்பாடம்னு நினைச்சுக்குவாங்க." அப்பா என்னிடம் சொன்னது: "பேருல என்ன இருக்கு? நம்ம வீட்டுப் பேருதானே." அன்று காலைதான் எழுநூற்று நாற்பதாம் வரியில் கடைசித் தப்பைத் திருத்தியிருந்தேன். வீட்டில் நல்ல நாடா அந்த ஒன்றுதான். தொடக்கத்துக்குச் சுற்றி, பழையதன் மேலேயே பதிந்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார், நான் சரியாகச் சொல்கிறேனா என்று பார்க்க. 'எழுதியது நான்' என்ற குரலை அழித்தது நான். சொல்லும்போது ஒரு நொடி நின்றேனே, என் எதிர்ப்பெல்லாம் அந்த ஒரு நொடிதான். நான் சொன்னது முதல் குரல் மட்டுமே என்று நாற்பது வருடம் மனசு என்னை நம்பவைத்தது. துண்டை உடைத்து, பீரோவில் கல்யாணப் பத்திரிகைக்குக் கீழே நான் பத்திரப்படுத்தியது இந்த இரண்டாவது குரலை.

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. அண்ணன் அழுதார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். "அப்பா குரல்… அப்பா குரல்" என்றார். மேடையிலிருந்து இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "இதை ஏன் இத்தனை நாள் எங்கிட்ட சொல்லல நீ? அன்னிக்கே என் பேரைச் சொல்லி வெச்சிருக்கியே!"

அவருக்கு அது பொய்யென்று தெரியாது. ஒருகாலத்தில் தெரிந்திருக்கும். சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டது, இப்போது நானே சாட்சியும் சொல்லிவிட்டேன்.

அதைவிட மோசம் அடுத்தது. ஈயம் மெதுவாகப் படியிறங்கி வந்தார். அண்ணனின் கையைப் பிடித்தார். "மன்னிச்சுடுங்க சார். கூட்டத்துல வெச்சுக் கேட்டிருக்கக் கூடாது. நாப்பது வருஷமாத் தப்பா நினைச்சுட்டேன்." என் பக்கம் திரும்பினார். "நீதான்மா எழுதினேன்னு நினைச்சேன். நீயே சொல்லிட்டியே, இனி என்ன."

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. "என்னம்மா?" என்று காதைக் கிட்டே கொண்டுவந்தார். எழுநூற்று நாற்பதாம் வரியை அப்படியே ஒப்பித்திருப்பேன், ஒரு புள்ளி விடாமல். அதற்குள் யாரோ அவரைப் போட்டோ எடுக்க இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கூட்டம் கலைந்தது. கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் காப்பாளர் ஒரு படிவத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கையில் கேசட்.

"அந்தக் கேசட்டுல முதல்ல வேற ஒண்ணு இருந்துச்சு" என்றேன் அவளிடம். "எழுதினது நான்னு சொல்லியிருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. "அப்படியாம்மா? அது எங்க இருக்கு?"

"அதுக்கு மேலேயே பதிஞ்சாச்சு."

"யாரு பதிஞ்சது?"

"நான்தான்."

அவள் என்னையே பார்த்தாள். இரக்கப்பட்டாளா, வயசாகிவிட்டது என்று நினைத்தாளா, தெரியவில்லை. "எனக்கு நீங்க சொல்றதை நம்பணும்னு இருக்கும்மா" என்றாள் மெதுவாக. "ஆனா அட்டையில எழுத எங்களுக்கு ஏதாவது ஆதாரம் வேணும். இருக்கிற ஒரே ஆதாரம் இதுதான். இதுல நீங்களே…" முடிக்காமல் விட்டாள்.

பிறகு என்னைத் தேற்றுவதற்காகக் கேசட்டைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினாள். "நல்லவேளை, இந்தத் துண்டை உடைச்சு வெச்சிருந்தீங்க. இல்லன்னா இத்தனை வருஷத்துல யாராவது தெரியாம அழிச்சிருப்பாங்க."

"ஆமா" என்றேன். "நல்லவேளை."

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'எழுதியவர்' என்ற கட்டத்தில் அண்ணனின் பெயர் ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. 'குரல்' என்று போட்டிருந்த கட்டத்தில் நான் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.